சுபாரம்பப் பொத்தான்

பாலகுமாருக்குப் பயம் புதிதல்ல. ஒப்பந்த ஊழியனாகச் சேர்ந்த நாளிலேயே அதையும் அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். காலையில் பாம்பூஃப்ளாட்டில் படகு ஏறி, எதிர்க்கரையில் போர்ட் பிளேரின் சாத்தம் துறையில் இறங்கி, அலுவலகப் படியில் கால் வைக்கும்போது ‘நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ’ என்று தோன்றும். மாலையில் அதே படியில் இறங்கும்போது ‘இன்றைக்குச் சொல்லவில்லை’ என்று மூச்சு வரும். இந்த இரண்டுக்கும் நடுவே அவன் செய்வது கணினி நிரல் எழுதும் வேலை.

அலுவலகத்தின் பெயர் தீவிடைக் கடற்பயணிகள் மின்னணு ஒருங்கிணைப்பு இயக்ககம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிவிட்டதால் கடைசிச் சில எழுத்துகள் பக்கத்திலிருந்த கால்நடை மருந்தகத்தின் சுவரில் தொடர்ந்தன. ஆட்டுக்கு ஊசி போட வந்தவர்கள் உள்ளே வந்து டோக்கன் கேட்பார்கள். டிக்கெட் கேட்டு வந்தவர்கள் ஆடுகளோடு வரிசையில் நிற்பார்கள். இரண்டு தரப்புக்கும் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் யாரும் புகார் செய்ததில்லை.

இயக்ககத்துக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. எந்தப் படகில், எந்த இருக்கையில், யார் வருகிறார் என்ற விவரம் ஒரு கணினியில் இருக்கும். டிக்கெட் கவுண்டர் இயந்திரமும், படகுத்துறை ஜெட்டியில் பெயர் பார்க்கும் கை இயந்திரமும், ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் பிரிவு இயந்திரமும் அதனிடம் கேள்வி கேட்கும். அது பதில் சொல்லும். இயந்திரங்கள் இப்படித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். மனிதருக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் எங்காவது பேச்சு தடுமாறினால் எட்டிப் பார்ப்பதற்காக, அதே விவரத்தைப் பிரவுசரில் மனிதர் படிக்கும்படி காட்டும் ஒரு பக்கம், படகுக்கு ஒன்றாக, கூடவே வரும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, புதிய பயணியைச் சேர்க்கச் சில கட்டங்கள், மேலே வலது மூலையில் சிவப்பாக ‘டிலீட்’ என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். உலகத்திலேயே அந்தப் பக்கத்தைப் பார்த்த ஒரே ஆள் பாலகுமார். அவனும் தலைவலி வந்தால்தான் பார்ப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இயக்குநர் சிவப்பிரகாசம் அதைப் பார்த்துவிட்டார்.

அவர் வந்தது அதற்காக அல்ல. பாலகுமாரின் மேஜைக்கு மேலே இருந்த மின்விசிறிதான் அந்த அலுவலகத்தில் ஒழுங்காகச் சுற்றும். காற்று வாங்க நின்றவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“இது என்னப்பா?”

“ஏபிஐ பக்கம் சார்.”

“மேல யாரோ பேர் போட்டிருக்கே. யார் அது?”

“அந்த சாஃப்ட்வேர் செஞ்சவங்க பேரு சார். தானா வரும்.”

சிவப்பிரகாசம் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். சென்னையில் தன் பெயர் பொறித்த கல்வெட்டுகள் பல இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். அவர் முகம் மாறியது. “நான் வந்து இவ்வளவு காலம் ஆச்சு. என் பேரு தானா வரல. அவன் பேரு மட்டும் தானா வருதோ?”

“சார், இத யாரும் படிக்க மாட்டாங்க சார். மெஷினுங்க பேசிக்கிறதுதான்.”

“நான் இப்ப படிக்கிறேனே. நான் மெஷினா?”

பாலகுமார் எழுந்து நின்றான். “இல்ல சார்.”

“மனுஷன். மனுஷன் படிக்கிற மாதிரியா இருக்கு இது? ஒரு வணக்கம் இல்ல. வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. எடுத்த எடுப்புல சீட் நம்பர். இதான் நம்ம பண்பாடா?”

அன்று மாலையே மனிதநேய முகப்பு உயர்மட்டக் குழு அமைந்தது. தலைவர் சிவப்பிரகாசம். செயலாளர், நிர்வாக அதிகாரி சந்திரமதி. பாலகுமார் சிறப்பு அழைப்பாளர். அதாவது நாற்காலி இல்லாதவர்.

சந்திரமதி தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். தன் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் உத்தரவை மீறியதில்லை என்று அடிக்கடி சொல்வார். அவருடைய பூட்டனாரை அந்தக் காலத்தில் எதற்காகக் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதல் கூட்டத்திலேயே நிறைய முடிவாகிவிட்டது. மென்பொருள் செய்தவர்களின் பெயர் போகும். இயக்குநரின் புகைப்படம் வரும். புகைப்படத்துக்கு இருபுறமும் குத்துவிளக்கு. பின்னணியில் ஹேவ்லாக் தீவின் கடற்கரை. மேலிருந்து மல்லிகைப் பூ உதிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பக்கத்தைத் திறந்ததும் இயக்குநர் கைகூப்பி வரவேற்றுப் பேசும் வீடியோ. பயணிகளின் பெயர்கள், பார்க்க விரும்புவோர் பார்த்துக்கொள்ளும் வகையில், எல்லாவற்றுக்கும் அடியில்.

“சார், வீடியோ ரொம்பப் பெருசு. சர்வர்ல இடம் பத்தாது” என்றான் பாலகுமார்.

“இப்ப அந்த இடத்துல என்ன இருக்கு?”

“தினமும் எடுக்கிற காப்பி சார். தப்பித்தவறி ஏதாவது அழிஞ்சா, அதுல இருந்துதான் திருப்பி எடுக்கணும்.”

சந்திரமதி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஒரிஜினல் இருக்குல்ல?”

“இருக்கு மேடம்.”

“அப்ப காப்பி எதுக்கு? நம்ம ஆபீஸ்ல ஒரிஜினல் இல்லாதப்பதான் காப்பி கேப்போம்.”

காப்பி நிறுத்தப்பட்டது. பாலகுமார் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் அவன் சரியாகத் தூங்கிய இரவுகளே குறைவு என்பதால் அதை ஒரு அறிகுறியாக அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கூட்டத்தில் கட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்தின் அடியில் புதிய பயணியைச் சேர்க்க ‘பெயர்’, ‘வயது’, ‘குறிப்பு’ என்று இருந்தன. பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சிவப்பிரகாசத்தின் கண்ணை உறுத்தியது. காலியாக எதையும் வைப்பது அபசகுனம், ஒரு மாதிரிக்காகத் தன் பெயரையே போட்டுவைக்கலாம் என்றார். யாராவது அதை அழித்துவிட்டு வேறு பெயரை அடித்தால்? இயக்குநரின் பெயரை அழிப்பதா! எனவே அதை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டச் சொன்னார்கள். பாலகுமார் பூட்டினான். கவுண்டர் இயந்திரங்கள் இந்தக் கட்டத்தின் வழியாக வருவதில்லை, ஆகவே யாருக்கும் கெடுதல் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பிறகு மறுப்பு வாசகங்கள். அனுமதி இல்லாத ஒருவர் எதையாவது செய்ய முயன்றால், பக்கம் ‘அனுமதி இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லும். அது பண்பாடாக இல்லை என்று, ‘மதிப்பிற்குரியீர், இதற்குத் தங்களுக்குத் தகுதி இல்லை என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். என்றும் தங்கள் அன்புள்ள, சிவப்பிரகாசம்’ என்று மாற்றினார்கள். கூடவே புன்னகைக்கும் படம்.

கடைசியாகச் சிவப்புப் பொத்தானுக்கு வந்தார்கள். திறப்பு விழாவில் தலைமை விருந்தினர் எதையாவது அழுத்த வேண்டும். பக்கத்திலேயே பெரிதாக, கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

“நெறம் நல்லா இல்ல. வார்த்தையும் நல்லா இல்ல. நல்ல நாள்ல அழிக்கிறது, கிழிக்கிறதுன்னு. மஞ்சளா மாத்து. ‘சுபாரம்பம்’னு எழுது. இன்னும் பெருசா வை” என்றார் சிவப்பிரகாசம்.

பாலகுமார் அவசரமாகக் குறுக்கிட்டான். “சார், எழுத்த மாத்தினாலும் அந்தப் பட்டன் அழிக்கத்தான் செய்யும். அந்தப் போட்ல இருக்கிற எல்லாப் பேரும் போயிரும்.”

சந்திரமதி சிரித்துவிட்டார். “அரே பாலகுமார், இங்க தீவுக்கே பேர் மாத்திட்டோம். ஊருக்கே பேர் மாத்திட்டோம். ஒரு பட்டனுக்கு மாத்த முடியாதா?”

“பேர் மாறுனா மேடம், வேலை மாறாதே.”

“மாறலைன்னா அது கீழ்ப்படியாமை. அதுக்கு மெமோ குடுக்கலாம்” என்றார் சிவப்பிரகாசம். மெமோ பொத்தானுக்கா பாலகுமாருக்கா என்று அவர் சொல்லவில்லை. பாலகுமார் கேட்கவும் இல்லை. மஞ்சளாக்கி, பெரிதாக்கி, ‘சுபாரம்பம்’ என்று எழுதினான்.

திறப்பு விழாவுக்கு நாள் பார்த்தார்கள். அன்று காலை சாத்தமில் படகிலிருந்து இறங்கும்போது அவன் போன் அடித்தது. மனைவி உமா மகேஸ்வரி. தலைப்பிரசவத்துக்காக ஹேவ்லாக்கில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

“என்னங்க, பயப்படாதீங்க” என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தையே அவனுக்குப் போதுமாயிருந்தது. “பிரஷர் ஏறிருச்சாம். காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. இங்க வெச்சுக்க முடியாது, போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருன்னு டாக்டர் சொல்றாங்க.”

“ஹெலிகாப்டர் கேட்டியா?”

“காத்து பலமா இருக்குன்னு அது இல்லியாம். இன்னிக்குப் போட்டும் கேன்சல். நாளைக்குக் காலைல ஒரு போட் விடுறாங்க. அதுக்கப்புறம் எத்தன நாளைக்கு இருக்காதோ தெரியல. அம்மா நேத்தே நின்னு டிக்கெட் வாங்கிட்டாங்க. நீங்க ஜெட்டிக்கு வந்துருங்க, என்ன?”

“வந்துர்றேன். நீ எதுக்கும் அலையாத. படுத்தே இரு.”

அலுவலகத்துக்குள் நுழைந்தான். மேடை, பூமாலை, ஒரு சுவரையே மறைக்கும் திரை. திரையில் இயக்குநரின் முகம், அதன்மேல் உதிரும் மல்லிகை, அதற்கு நடுவே மஞ்சள் பொத்தான். பக்கத்தின் தலைப்பைப் படித்தான்: ‘ஹேவ்லாக் – போர்ட் பிளேர், நாளைக் காலை’.

உமா வரவேண்டிய படகு. சிவப்பிரகாசத்திடம் ஓடினான்.

“சார், இந்தப் பக்கம் வேணாம் சார். சும்மா ஒரு டம்மிப் பக்கம் வெச்சிருக்கேன், அதத் தெறக்கலாம் சார்.”

“டம்மியத் தெறந்து வெக்கவா சீஃப் கெஸ்ட் பிளேன் ஏறி வர்றாரு?”

“சார், இதுல என் சம்சாரம்...”

“கடற்கரைப் படத்துக்கு ஹேவ்லாக் போட்தான் பொருத்தம். போ, சட்டைய உள்ள விடு.”

இருந்த நேரத்தில் பாலகுமாரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். விருந்தினருக்காக வைத்திருந்த லாகின் கணக்கிலிருந்து, அந்தப் பொத்தானை இயக்கும் அனுமதியை எடுத்துவிட்டான். அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் உத்தரவை மீறியிருக்கிறான். இனி என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். உமாவின் பெயர் பிழைத்தது என்ற நிம்மதி மறு பக்கம். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மேடையோரம் போய் நின்றான்.

தலைமை விருந்தினர் வந்தார். மெயின்லேண்டின் பெரிய அதிகாரி. அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் மூச்சுவிட்டார்கள். சிவப்பிரகாசம் பேசினார்.

“முன்பெல்லாம் இந்தப் பக்கத்தைத் திறந்தால் பயணிகளின் பெயர்கள் மட்டுமே தெரியும். வேறு ஒன்றுமே இருக்காது. இன்று நிலைமை அப்படியல்ல. பயணிகளின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அளவுக்கு நாம் வளர்ந்திருக்கிறோம். முன்பு ஒரு நொடியில் வந்த பதில் இன்று என் வரவேற்புரை முடிந்த பிறகே வருகிறது. பொறுமை என்னும் நற்குணத்தை இயந்திரங்களுக்கும் கற்றுக்கொடுத்த முதல் இயக்ககம் நம்முடையதுதான்!”

கைதட்டல். விருந்தினர் எழுந்து மஞ்சள் பொத்தானை அழுத்தினார்.

மல்லிகை உதிர்வது நின்றது. திரை முழுவதும் சிவப்பிரகாசத்தின் புன்னகை பெரிதாகி, அதன் கீழே எழுத்துகள் வந்தன: ‘மதிப்பிற்குரியீர், இதற்குத் தங்களுக்குத் தகுதி இல்லை என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். என்றும் தங்கள் அன்புள்ள, சிவப்பிரகாசம்.’

விருந்தினர் அதை முழுதாகப் படித்தார்.

“மிஸ்டர் சிவப்பிரகாசம், எனக்குத் தகுதி இல்லையா?”

“அய்யோ சார்! அது நான் இல்ல சார்!”

“உங்க படம்தானே அது? சிரிக்கிறீங்களே.”

சிவப்பிரகாசம் மேடையிலிருந்து கத்தினார். “பாலகுமார்! என் பேர்ல உள்ள நொழைஞ்சு குடு! எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கு!”

இயக்குநருக்குத் தன் கடவுச்சொல் தெரியாது. அதை அறிந்தவன் பாலகுமார் ஒருவனே. மேடை ஏறினான். அத்தனை பேர் பார்வையும் அவன் முதுகில் இருந்தது. ஒலிபெருக்கிக்கு அருகில் நின்று, எங்கிருந்து வந்த தைரியமோ, சொல்லிவிட்டான்.

“சார், இது அழிக்கிற பட்டன் சார். நாளைக்குப் போட்ல என் சம்சாரம் இருக்கா. நெறமாசம். பேரு போயிருச்சுன்னா ஏத்த மாட்டாங்க சார்.”

சந்திரமதி ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். “பர்சனல் மேட்டரெல்லாம் லஞ்சுக்கு அப்புறம். ஜல்தி கரோ, சீக்கிரம்.”

காவலாளி ஒருவன் பாலகுமாரின் தோளில் கை வைத்தான். அழுத்தவில்லை, சும்மா வைத்தான். அது போதுமாயிருந்தது. பாலகுமார் கடவுச்சொல்லை அடித்தான். அடித்தது தன் விரல்கள்தான் என்பதைப் பிறகு அவன் தன்னிடம் ஒருபோதும் மறைக்கவில்லை. பயம் அவ்வளவு இருந்தது. மனைவியைவிடவும் அந்த நேரத்தில் அந்தக் கை பெரிதாக இருந்தது.

விருந்தினர் அழுத்தினார். பொத்தான், பெயர் மாறிய பின்னும், தன் பழைய வேலையைச் செய்தது.

திரை வெள்ளையானது. நடுவில் சிறிய எழுத்தில் இரண்டே வார்த்தைகள்: ‘நோ கன்டென்ட்’. உள்ளே ஒன்றும் இல்லை என்று இயந்திரம் உள்ளபடி சொன்னது. அந்த வார்த்தைகளை அழகுபடுத்தக் குழுவுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

விருந்தினர் புருவத்தைத் தூக்கினார். “இதுக்கு என்ன அர்த்தம்?”

சிவப்பிரகாசம் ஒரு கணம்தான் தடுமாறினார். முப்பது வருட அனுபவம் கைகொடுத்தது. “நிலுவை எதுவும் இல்லைன்னு அர்த்தம் சார். ஜீரோ பெண்டிங்! ஒரு பயணியின் கோரிக்கைகூட நம்மிடம் மிச்சமில்லை!”

“வெரி குட். இப்படி ஒரு சுத்தமான ஆபீஸ நான் பார்த்ததில்ல” என்றார் விருந்தினர். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

எல்லோரும் பிரியாணிக்குப் போகும் வழியில் சந்திரமதி பாலகுமாரை நிறுத்தினார். அனுமதியை எடுத்தது அவன்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவனுடைய கணக்கு அந்த நிமிடமே முடக்கப்பட்டது. பெரியவர் கையால் திறந்துவைத்த பக்கத்தில் குழுவின் ஒப்புதல் இன்றி ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. குழு அடுத்த மாதம் கூடும்.

“மேடம், அழிஞ்ச பேர திருப்பிப் போட மட்டும் ஒரே ஒரு தடவ உள்ள விடுங்க.”

“எதுக்குப் போடணும்? ஜீரோ பெண்டிங்னு சார் சொல்லிட்டாரு. இப்ப நீ பேர் சேத்தா பெண்டிங் ஆயிரும்.”

மண்டபம் காலியானது. பாலகுமார் கீழே உட்கார்ந்து அழுதான். ஆண்பிள்ளை, அலுவலகம் என்றெல்லாம் பார்க்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் வீங்கிய காலோடு அவள் படுத்திருக்கிறாள். டிக்கெட் காகிதம் அவள் கையில் இருக்கும். ஆனால் ஜெட்டியில் காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை, கை இயந்திரத்தில் பெயர் இருந்தால்தான் படகேறும் பலகையில் கால் வைக்க விடுவார்கள். அவளை அந்தக் கரையிலேயே நிறுத்தியவன் தான்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மேடைக் கணினி திறந்தே கிடந்தது. யாரும் மூடவில்லை. உள்ளே நுழைந்திருந்தது இயக்குநரின் பெயரில். நிரலைத் தொட வழியில்லை. ஆனால் பக்கத்தை மறுபடி திறந்தபோது அதன் அடியில் அந்தக் கட்டங்கள் இருந்தன. வயது, குறிப்பு இரண்டும் காலி. பெயர்க் கட்டத்தில் பூட்டிய எழுத்தில்: ‘சிவப்பிரகாசம், இயக்குநர்’. அழிக்க முயன்றான். அழியவில்லை. பூட்டை நன்றாகத்தான் போட்டிருந்தான்.

வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. வயதுக் கட்டத்தில் உமாவின் வயதை அடித்தான். குறிப்பில் ஆங்கிலத்தில், ‘நிறைமாதக் கர்ப்பிணி, ரத்த அழுத்தம், ஜெட்டியில் ஆம்புலன்ஸ் தேவை’ என்று எழுதி, சேர்க்கும் பொத்தானுக்கு வந்தான். அழுத்தினான். ‘பயணி சேர்க்கப்பட்டார்’ என்று மல்லிகை உதிர்ந்தது.

அத்தோடு எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அந்தப் படகில் உமா மட்டுமா இருந்தாள்? அழிந்த பெயர்களெல்லாம் யார் யாருடையவை என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போட முடியாது. குறிப்பைக் காலியாக விட்டுத் திரும்ப அழுத்தினான். மீண்டும் மீண்டும், ‘இருக்கை காலி இல்லை’ என்று வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் வரவேற்பு வீடியோவில் இயக்குநர் கைகூப்பினார்.

மறுநாள் காலை போர்ட் பிளேரின் பீனிக்ஸ் பே ஜெட்டியில் மழைத் தூறலில் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்திருந்தான். மறுமுனையில் ஹேவ்லாக் ஜெட்டியின் இரைச்சல். அங்கே பெயர் பார்ப்பவர் மண்டல் தாதா, பெங்காலி, அவர்கள் வழக்கில் தாதா என்றால் அண்ணன்; விதியைவிட்டு அரை அங்குலம் நகராதவர் என்று பெயரெடுத்தவர்.

“என்னங்க, வரிசையே நகரல” என்றாள் உமா. குரல் மெலிந்திருந்தது. “மிஷினப் பார்த்துப் பார்த்து முழிக்கிறாரு.”

பின்னால் மண்டல் தாதாவின் குரல் கேட்டது. “ஏ க்யா ஹை? ஸப் கே ஸப் டைரக்டர்? பூரா போட் டைரக்டர் ஸாப்?” எல்லா இருக்கையிலும் ஒரே டைரக்டர் பெயர் இருப்பது அவரைக் குழப்பியது.

யாரோ ஒரு சுற்றுலாப் பயணி தன் டிக்கெட்டைக் காட்டிச் சண்டை போட்டான். உன் பெயர் இல்லை, இந்தப் படகில் டைரக்டர் சாரைத் தவிர வேறு யாரும் போக முடியாது என்றார் மண்டல் தாதா. கூட்டம் கூச்சலிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

“உமா, போன ஸ்பீக்கர்ல போடு.” போட்டாள். “தாதா! மொத சீட்டுல குறிப்புன்னு இருக்கும், அதப் படிங்க தாதா!”

மண்டல் தாதா திக்கித் திக்கிப் படித்தார். “டைரக்டர் ஸாப்... பிரக்னன்ட் ஹை?”

அப்போது உமாவின் அம்மா மருதாயியின் குரல் எழுந்தது. ஹேவ்லாக் சந்தையில் காய்கறி விற்றுப் பழகிய குரல். “ஹா ஹை! ஏஹீ டைரக்டர் ஹை, இவதான்! வயித்தப் பாரு! டைரக்டருக்கு வலி வந்துருச்சு, நீ நிப்பாட்டி வெச்சா நாளைக்கு உன் வேலை இருக்குமா? ஹட்டோ, தள்ளு!”

இந்தத் தீவுகளில் விதிக்குப் பயப்படுபவர்கள் உண்டு. டைரக்டருக்குப் பயப்படாதவர்கள் இல்லை. மண்டல் தாதா ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார் என்று உமா பிறகு சொன்னாள். அவளுக்குப் பின்னால் மருதாயி நெஞ்சை நிமிர்த்தி, “நானும் டைரக்டர்” என்று ஏறினாள். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தேங்காய் மூட்டையோடு ஒரு டைரக்டர், கைக்குழந்தையோடு ஒரு டைரக்டர், முதுகுப்பையும் அரைக்கால் சட்டையுமாக வெள்ளைக்கார டைரக்டர்கள் இரண்டு பேர். படகு நிறைந்து புறப்பட்டது.

பீனிக்ஸ் பேயில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அதன் இயந்திரம் குறிப்பைப் படித்திருந்தது. உமாவைத் தூக்கி ஏற்றும்போது பாலகுமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

அடுத்த நாள் இயக்குநர் அழைப்பதாகச் செய்தி வந்தது. பாலகுமார் படியேறினான். வேலை போகும், வழக்கு வரும், காவலாளியின் கை மறுபடி தோளில் விழும் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பயம் நின்றது. அத்தனையையும் தாண்டி மேலே போனான்.

சிவப்பிரகாசம் அறையில் தனியாக இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். உட்காரச் சொன்னார். பாலகுமார் அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இயக்குநரின் நெற்றி வியர்த்திருந்தது. மின்விசிறி சுற்றாததால் மட்டும் அல்ல.

திரையை அவன் பக்கம் திருப்பினார். ஹேவ்லாக் கடற்கரை, குத்துவிளக்குகள், புன்னகைக்கும் படம், உதிரும் மல்லிகை. எல்லாவற்றுக்கும் அடியில், ஆஸ்பத்திரி இயந்திரம் முறைப்படி திருப்பி அனுப்பிய பதில்:

‘பயணி: சிவப்பிரகாசம், இயக்குநர். பிரசவ வார்டில் சேர்க்கப்பட்டார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.’

“இத அழிக்கச் சொன்னா, சந்திரமதி அம்மா பெரியவர் தெறந்து வெச்ச பக்கத்துல கமிட்டி கூடாம ஒரு எழுத்தும் தொடக் கூடாதுங்கறாங்க” என்றார். அவர் கண்ணில் இருந்தது என்ன என்று பாலகுமாருக்கு உடனே தெரிந்துவிட்டது. தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற பயம்தான் அது.

சிவப்பிரகாசம் மேஜைமேல் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று, கிசுகிசுத்தார்.

“தம்பி... இத யாராவது படிப்பாங்களா?”

“முன்னாடி யாரும் படிக்க மாட்டாங்க சார்” என்றான் பாலகுமார். “மனுஷங்க படிக்கிற மாதிரி நீங்கதானே மாத்தச் சொன்னீங்க.”